பார்கின்சன் வந்தவரை உட்கார வைத்துவிடாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது பார்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "இனிமே எங்கேயும் போக வேணாம்பா, விழுந்துடுவீங்க, சும்மா உட்காருங்க" என்று பிள்ளைகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாற்காலிதான் அவரை இன்னும் சீக்கிரம் விழ வைக்கும். இதை யாராவது அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். 1817-ல் லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்கின்சன் என்ற டாக்டர் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. கை நடுங்குவதுதான் இந்த நோய் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நடுக்கமே இல்லாத பார்கின்சன் நோயாளிகளும் இருக்கிறார்கள். ஒருவரைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் நடுக்கம் இல்லை. அசைவு மெதுவாகிப்போவது, உடம்பு விறைப்பது, நிலை தடுமாறுவது, இவைதான்.

மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. பார்கின்சனில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருகின்றன. டோபமின் எதற்கு? நாம் யோசிக்காமலே செய்யும் அசைவுகள் சீராக நடப்பதற்கு. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் யாரையாவது நினைத்துப் பாருங்கள். விடியாத இருட்டு, நெற்றியில் விளக்கு, வேர் புடைத்த சரிவான நிலம், தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி, இத்தனையையும் வைத்துக்கொண்டு 'அடுத்து எந்தக் காலை எடுத்து வைப்பது' என்று அவர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? மூளையின் மேற்பகுதி தோட்டத்துத் துரை மாதிரி, 'நட' என்று உத்தரவு மட்டும் போடும். எந்தக் கால் எப்போது, எவ்வளவு நீளம், கை எப்படி வீச வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கிற கங்காணி. டோபமின் குறைந்தால் கங்காணி படுத்துவிடுகிறார். உத்தரவு வருகிறது, ஆட்களும் இருக்கிறார்கள், தசைக்கும் எலும்புக்கும் ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வேலை அரைகுறையாக நடக்கிறது.

அரைகுறை என்றால் எப்படி? எல்லாமே சின்னதாகிவிடும். கையெழுத்து சின்னதாகும், குரல் சின்னதாகும், நடக்கும்போது கை வீசுவது நின்றுவிடும், அடி குறுகி, கால் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். இதில் வீட்டார் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: தன்னுடைய அடி குறுகிவிட்டது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. அவர் மனத்தில் அவர் எப்போதும்போலத்தான் நடக்கிறார். அதனால்தான் "நல்லா காலைத் தூக்கி நடங்கப்பா" என்று சொன்னால், "நடந்துகிட்டுத்தானே இருக்கேன்" என்று கோபப்படுகிறார். அது வீம்பு இல்லை, நோய்.

நிலை தடுமாறுவதற்கு வருவோம். பசாரில் கூட்டத்தில் யாராவது நம் மேல் இடித்துவிட்டால் நாம் சட்டென்று ஒரு பெரிய அடி வைத்துச் சமாளித்துவிடுகிறோம். அந்த ஒரு அடியை யோசித்து வைப்பதில்லை, உடம்பே வைக்கிறது. பார்கின்சன் முற்ற முற்ற, அந்த ஒரு பெரிய அடிக்குப் பதில் நாலைந்து குட்டி அடிகள் வரும், அல்லது ஒன்றுமே வராது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். பின்பக்கம் சாயும்போது சமாளிப்பது குறிப்பாகக் கஷ்டம். மடோபார் போன்ற லெவோடோபா மாத்திரைகள் மெதுவான அசைவுக்கும் விறைப்புக்கும் நன்றாகவே கேட்கும். நிலை தடுமாறுவதற்கு அந்த அளவுக்குக் கேட்பதில்லை. மருந்து விட்டுவிடும் அந்த இடத்தில்தான் உடற்பயிற்சி வருகிறது. மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

பயிற்சி எப்படி வேலை செய்கிறது? கங்காணி படுத்துவிட்டார், சரி, துரை இன்னும் இருக்கிறாரே. தானாக நடக்காததைக் கவனம் வைத்து நடத்தலாம். 'இப்போது பெரிய அடி வைக்கிறேன்' என்று மனத்தில் சொல்லிக்கொண்டு வைத்தால், அதே மனிதர், அதே கால், அடி நீளமாகிவிடுகிறது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது. திரும்பத் திரும்பப் பழகினால் அந்தக் கவனப் பாதை கொஞ்சம் உறுதிப்படும். அதோடு, உட்கார்ந்தே இருந்ததால் போய்விட்ட தொடைப் பலமும் நெஞ்சுப் பலமும் திரும்ப வரும், விழுந்துவிடுவோமோ என்ற பயமும் குறையும். பயம் குறைவது சின்ன விஷயம் இல்லை. பயந்தவர் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பை இறுக்கிக்கொண்டு நடப்பார், அப்படி நடப்பவர்தான் முதலில் விழுவார்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, பார்கின்சனுக்கான உடற்பயிற்சி பற்றிய 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, ஏறத்தாழ 8,000 பேர் பங்கெடுத்தவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நடனம், நீரில் செய்யும் பயிற்சி, நடைப் பயிற்சி, பலப் பயிற்சி என்று பெரும்பாலான வகைகள் பலன் தந்தன, ஒன்று மற்றதைவிடப் பெரிதாக உசத்தி என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இது ரொம்ப ஆறுதலான செய்தி. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்த்தான் செய்ய வேண்டும் என்ற விசேஷப் பயிற்சி எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? பயிற்சி நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். நடக்கும் திறனை, எழும் திறனை, தன் வேலையைத் தானே செய்யும் திறனை நிறைய நாள் காப்பாற்றித் தரும், அதுவே பெரிய காரியம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "அப்பா தினமும் சாயங்காலம் கோயில் வரைக்கும் நடக்கிறார், அது போதும்" என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நடப்பது நல்லது, விடவே கூடாது, நெஞ்சுக்கும் தசைக்கும் அது வேண்டும். ஆனால் சமதரையில் நேராக நடப்பது மட்டும் நிலைதடுமாற்றத்தைச் சரிசெய்யாது. உடம்பு கொஞ்சம் ஆடிப்போகிற அளவுக்கு, பாதுகாப்பான இடத்தில், அதைச் சோதிக்க வேண்டும். பக்கவாட்டில், பின்பக்கம், எட்டி எடுப்பது, திரும்புவது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுவது, இவைதான் நிலைப் பயிற்சி.

காலையில் நம் ஊர்த் திடல்களில் சீனத் தாத்தாக்களும் பாட்டிகளும் மெதுவாகக் கையை விரித்துக் காலை மாற்றி மாற்றி வைத்துத் தாய் சீ செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பதெல்லாம் இதுதான்: எடையை மெதுவாக ஒரு காலுக்கு மாற்று, உடம்பைத் திருப்பு, எட்டிப் போ, திரும்பி வா. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஓரிகனில் பார்கின்சன் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரத்துக்கு 2 முறை, 24 வாரம், ஒரு குழுவுக்குத் தாய் சீ, ஒரு குழுவுக்குப் பலப் பயிற்சி, ஒரு குழுவுக்கு வெறும் தசை நீட்டும் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். நிலையாக நிற்பதில் தாய் சீ குழு மற்ற இரண்டையும் முந்தியது, தசை நீட்டிய குழுவைவிடக் குறைவாகவே விழுந்தது. ஆகவே, திடலில் அந்தக் குழு சேர்த்துக்கொண்டால் வெட்கப்படாமல் போய் நில்லுங்கள். கூச்சமாக இருந்தால் நம் கும்மி இருக்கிறது. பக்கவாட்டு அடி, குனிந்து நிமிர்வது, கைதட்டு, வட்டமாகச் சுற்றுவது, தாளம், எல்லாம் அதிலேயே உண்டு. மெதுவாக, ஒரு பக்கம் சுவரோ ஆளோ துணைக்கு இருக்க, தாராளமாக ஆடலாம்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்குப் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது: மூச்சு வாங்கும் பயிற்சி வாரத்தில் 3 நாள், தடவைக்கு 30 நிமிடம், பலப் பயிற்சி 2 அல்லது 3 நாள், நிலைப் பயிற்சி 2 அல்லது 3 நாள், முடிந்தால் தினமும் கொஞ்சம், தசை நீட்டுவதும் அதே அளவு. மூச்சு வாங்க என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம், ஒன்றோடு ஒன்று சேர்த்துச் செய்துவிடலாம்.

எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் சமையலறையில் அமைந்தது. பழைய தோட்டத்து வீடுகளில் சமையலறை ஒரு படி கீழே இருக்கும், சிமெண்ட் தரை, கழுவுகிற இடத்தில் எப்போதும் ஈரம். முதலில் தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஜப்பான் சிலிப்பரைக் கழற்றச் சொல்லி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி மாட்டிவிட்டோம். சிங்க்கைப் பார்த்து நின்று இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். குதிகாலைத் தூக்கி இறக்குவார். அப்புறம் ஒரு கைப்பிடியோடு, மேல் தட்டில் இருக்கும் மைலோ டின்னை எட்டி எடுத்து மறுபக்கம் வைப்பார். அது முடிந்ததும் சிங்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்கவாட்டில் பெரிய அடியாகப் போய்த் திரும்புவார். பெரியம்மா பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று, ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்: "பெருசா, பெருசா." வேறு எந்த அறிவுரையும் கிடையாது. நிமிர்ந்து நில், கையை வீசு, காலைத் தூக்கு, குனியாதே என்று நாலைந்தை ஒரே நேரத்தில் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஏறாது. ஒரே சொல் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். பெரிய அசைவையே மையமாக வைத்து, வாரம் 4 நாள் என்று 4 வாரம் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று வெளிநாடுகளில் பெயர் பெற்றது. அதன் அடிப்படையும் இதுதான்.

நாற்காலியிலிருந்து எழுவதையும் பயிற்சியாகவே வையுங்கள். முன்பக்கம் நகர்ந்து விளிம்பில் உட்கார வேண்டும், பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய வேண்டும், பிறகுதான் எழ வேண்டும். பார்கின்சன் உள்ளவர்கள் சாயப் பயந்து நேராக எழப் பார்ப்பார்கள், பின்னால் தொப்பென்று விழுவார்கள். பிள்ளைகள் கையைப் பிடித்துத் தூக்கிவிடாமல் அவரே எழும்வரை காத்திருக்க வேண்டும், அது பொறுமையைச் சோதிக்கும்தான். கொஞ்ச நேரம் ஆகட்டுமே.

திரும்புவதுதான் பலரும் விழும் இடம். நின்ற இடத்திலேயே ஒரு காலை ஊன்றி உடம்பைச் சுழற்றினால் கால் பின்னிக்கொள்ளும். வீட்டுக்குள் திரும்பும்போதும் அரைவட்டமாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து திரும்பப் பழக்குங்கள். மருத்துவமனையில் ஃபிசியோ, அதாவது உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர், முதல் நாள் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார். எழுவது, நடப்பது, திரும்புவது மூன்றும் அதில் அடங்கிவிடும். மறுபடி சில மாதம் கழித்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

கால் உறைந்துபோவது என்று ஒன்று உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே இருப்பார், கதவு நிலைக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். குறுகலான இடம், திருப்பம், அவசரம், கூட்டம், இவை எல்லாம் அதைத் தூண்டும். லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்கு, மேல் போட்ட பலகை, கடைவரிசை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் மோட்டாருக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் சந்து, நம் ஊரில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கையைப் பிடித்து முன்னால் இழுக்கவும் கூடாது. மேல் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுவார். "நில்லுங்க. மூச்சு விடுங்க. நிமிருங்க. இடமும் வலமும் மெதுவா ஆடுங்க. இப்ப ஒரு பெரிய அடி." இந்த வரிசையில் அமைதியாகச் சொல்லுங்கள். குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டி அடி வைப்பது அவருக்குச் சுலபம், எனவே கதவு நிலைக்கு முன்னால் தரையில் பளிச்சென்ற டேப்பை ஓர் அடி இடைவெளிவிட்டுக் குறுக்காக ஒட்டிவையுங்கள். தாளமும் அப்படித்தான் உதவும்: ஒன்று, ரெண்டு என்று எண்ணுவது, கைதட்டுவது, மனத்துக்குள் ஒரு பழைய பாட்டைப் பாடுவது. உறுமி அடித்தால் நம் ஆட்களுக்குக் கால் தானாக எழுந்துவிடும், ஆனால் அந்த வேகம் பயிற்சிக்கு ஆகாது, நிதானமான சீரான தாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதும் அவருக்குக் கஷ்டம். கையில் தே தாரே டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டு, படி இறங்கினால் கவனம் பிரிந்து அடி மறுபடி குறுகிவிடும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இதையே பயிற்சியாக்கலாம், நடந்துகொண்டே பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லச் சொல்லலாம். அடிக்கடி விழுபவர்களுக்கு வேண்டாம், அவர்கள் நடக்கும்போது நடக்க மட்டும் செய்யட்டும்.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி. பலருக்கு அது மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் வாக்கில் வரும். படுக்கையிலிருந்து எழுந்ததும் நிற்கக் கூடாது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், ஏனென்றால் நோயாலும் மருந்தாலும் எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். நம் வெயிலில் தண்ணீர் குறைந்தால் இது இன்னும் மோசமாகும், காலை வேளையோ வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள். இருதய நோய், மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தூக்கித் தூக்கி வைக்கும் நாலு கால் வாக்கரைக் கடையில் பார்த்து நீங்களாகவே வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் நின்று தூக்கி வைக்க வேண்டியிருப்பதால் சிலருக்குக் கால் உறைவது கூடிவிடும். சக்கரம் வைத்ததா, கைத்தடியா என்பதை ஃபிசியோ நடக்க விட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

ஃபிசியோவை எப்படிப் பார்ப்பது? அரசாங்கக் கிளினிக்கிலோ, பெரிய மருத்துவமனையில் நரம்பு டாக்டரைப் பார்க்கும்போதோ, "உடற்பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டருக்கு நேரம் குறைவு, மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பிவிடுவார், கேட்டால் ரெஃபரல் கடிதம் கொடுப்பார். விழ ஆரம்பித்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 231 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், நோய் லேசாக இருந்தவர்கள் பயிற்சியால் விழுவது குறைந்தது, முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. முற்றியவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் நின்று கண்காணித்துச் செய்ய வேண்டும், உட்கார்ந்தபடியே செய்யும் பெரிய அசைவுகளும் நிறைய இருக்கின்றன. நோய் தெரிந்த மாதமே தொடங்கிவிட்டால் எவ்வளவோ லாபம்.

நடுவில் காய்ச்சல் வரும், தீபாவளி வரும், மழை நாலு நாள் விடாமல் பெய்யும், பயிற்சி விட்டுப்போகும். விட்ட இடத்தில் இருந்து தொடங்காமல் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று அடிக்கடி விழ ஆரம்பித்தாலோ, நோய் தெரிந்த முதல் வருஷத்திலேயே திரும்பத் திரும்பப் பின்னால் சாய்ந்து விழுந்தாலோ, பயிற்சியைக் கூட்டிப் பார்க்கலாம் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். மருந்தின் அளவு, சிறுநீர்த் தொற்று, இரத்த அழுத்தம் என்று காரணம் வேறாக இருக்கலாம், பார்கின்சன் போலவே தோன்றும் வேறு நோயாகவும் இருக்கலாம், அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.